வெள்ளிக்கு அடுத்த செவ்வாய்

நாள்காட்டித் தாளைக் கிழிக்கப்போன அக்காவின் கையை அவன் எட்டிப் பிடித்தான். எட்டி என்பது சும்மா ஒரு பேச்சுக்குத்தான். தோளுக்கு மேல் அவன் கை இப்போது போவதில்லை. மணிக்கட்டைப் பிடிக்கப் போன விரல்கள் முழங்கையிலேயே தங்கிவிட்டன.

"கிழிக்காதே. இன்னிக்கு என்ன கிழமை?"

"கண்ணு முன்னாடி கொட்டை எழுத்துல தொங்குது, என்னைக் கேக்கறான் பாரு. செவ்வாயைக் கிழிச்சா புதன். நானா புதுசா எதுவும் கண்டுபிடிக்கலை."

"ஒரு வாரத்தைக் காணோம்க்கா."

"நான் எடுத்து ஒளிச்சு வைக்கலைடா தம்பி. வேணும்னா என் பையை உதறிக் காட்டட்டுமா?"

சமையலறை வாசலில் டீ டம்ளர்களோடு நின்ற அவன் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. கணவனின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கினாள். நாத்தனாருக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. தம்பியைக் காணவில்லை என்று கேள்விப்பட்டு ஒற்றைப் பையோடு வந்து இறங்கியவர், அவன் திரும்பி வந்து ஒரு மாதமாகியும் ஊருக்குப் போகவில்லை. அழவேண்டிய இடத்திலெல்லாம் நக்கலாக ஏதாவது சொல்லிவைப்பார். அந்த நக்கல் மட்டும் இல்லையென்றால் இந்த வீட்டில் எந்தச் சத்தமும் இருந்திருக்காது என்று அவளுக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

ரயில் நிலையத்தில் குண்டு வெடித்த வாரத்தில் அவனைக் கொண்டுபோனார்கள். அவன் ஏ.சி. மெக்கானிக். எங்கோ ஒரு மாடி வீட்டில் ஏ.சி.யைக் கழுவிச் சுத்தம் செய்துவிட்டு, வழக்கம்போல அதன் பக்கவாட்டில் தொலைபேசி எண் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வந்திருந்தான். அந்த வீட்டில் குடியிருந்தவனைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆள் கிடைக்கவில்லை, ஸ்டிக்கர் கிடைத்தது. பட்டப்பகலில், ஒரு மருந்துக்கடை வாசலில் ஏணி மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவனைக் கீழே இறங்கச் சொல்லி வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். அவள் போய்ப் பார்த்தபோது ஏணி சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. அதன் மேல் படியில் ஸ்க்ரூடிரைவர். அதற்குப் பிறகு அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. போன இடமெல்லாம் அதே பதில்தான். அப்படி யாரையும் நாங்கள் கொண்டுவரவில்லையம்மா, கோபித்துக்கொண்டு எங்காவது போயிருப்பார், வந்துவிடுவார். சொன்னவர்களில் ஒருவர் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

ஒரு விடியற்காலை ஊருக்கு வெளியே லாரிகள் நிற்கும் இடத்தில் அவனை இறக்கிவிட்டுப் போனார்கள். வந்தவன் பழைய ஆள் மாதிரியேதான் இருந்தான். அதுதான் முதலில் அவளை ஏமாற்றியது. அடையாளமாகச் சொல்லிக்கொள்ளும்படி முகத்தில் ஒரு கீறல் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சட்டையை அவனால் தனியாக மாட்டிக்கொள்ள முடியவில்லை. உள்ளங்காலை முழுதாக ஊன்றாமல், சுடுமணலில் நடப்பவன்போல ஓரத்தால் நடந்தான். குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்ற விடமாட்டான். ஈரத் துணியால் துடைக்கலாம் என்று அவள் முகத்தருகே கொண்டுபோனபோது, கட்டியவளின் கையை அவன் தட்டிவிட்ட வேகத்தில் வளையல் உடைந்தது. அதற்குப் பிறகு காய்ந்த துண்டால்தான் முகம் துடைத்துவிடுகிறாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. அந்தப் பயத்தை நினைத்து வெட்கமும் இருந்தது.

காணாமல் போன அந்த வாரத்தைப் பற்றிய பேச்சு வக்கீலால் வந்தது. இப்படித் திரும்பி வந்தவர்களுக்காகக் கட்டணமில்லாமல் வழக்கு நடத்துகிற பெண். முந்தின நாள் மாலை வந்து, அவன் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகத்தான் கேட்டார்.

"நீங்க பன்னிரண்டு வாரம்னு சொல்றீங்க. காணாமப் போன நாள் தெரியும், திரும்பின நாளும் தெரியும். நடுவுல பதினொண்ணுதான் வருது. நான் உங்களை நம்பறேன். ஆனா எதிர்ல நிக்கறவங்க இதை ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு, இவருக்கு நாளே எண்ணத் தெரியல, மத்ததும் கற்பனைதான்னு ஊதித் தள்ளிடுவாங்க. கண்ணைக் கட்டியிருந்தாங்க, ஜன்னல் இல்லங்கறீங்க. நாளை எப்படித்தான் எண்ணினீங்க?"

"தெரிஞ்சுது மேடம்."

"எப்படி?"

அவன் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். "தெரிஞ்சுது."

"சரி. இடத்தைப் பத்தி? ரயில் சத்தம், ஆலைச் சங்கு, சந்தை, ஏதாவது கேட்டுச்சா?"

"எதுவும் கேக்கல."

வக்கீல் சற்று நேரம் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "அப்படியொரு இடமே கிடையாதுங்கறதுதான் அவங்க கட்சி. இடம் மட்டும் தெரிஞ்சா ஒரே நாள்ல உத்தரவு வாங்கி ஆளோட போய்க் கதவைத் தட்டலாம். இப்பவும் உள்ளே யாராவது இருக்கலாம் இல்லையா?"

அவர் போன பிறகு, அவள் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது அவன் தானாகவே சொன்னான். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னான்.

"ஒரு வெள்ளிக்கிழமை ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு. நினைவு வந்தப்ப செவ்வாய்க்கிழமை. மறுபடி ஒருநாள் ஒண்ணுமே தெரியல, அடுத்தது பார்த்தா திங்கள். ஒரு வாரம் முழுசா என்கிட்ட இல்ல. அந்த வாரத்துல நான் வாயைத் திறந்திருக்கேன்."

"யார் சொன்னா?"

"ஒட்டடையைக் கொண்டுவந்தது அதுக்கு அடுத்த ரெண்டு நாள்லதான். வேற யார் சொல்லியிருப்பா? நான்தான்."

ஒட்டடை அவனுடைய தொழில் கூட்டாளி, அவனுக்குப் பின் காணாமல் போய் இன்னும் திரும்பாதவர். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், அதே மாதிரி ஒல்லி. ஏணி இல்லாமலே அவர் ஏ.சி. மாட்டிவிடுவார் என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். அந்த ஸ்டிக்கரில் இவன் எண்ணுக்குக் கீழே அவர் எண்ணும் இருந்தது. அதைச் சொன்னாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் காதில் அது ஏறவில்லை. ஸ்டிக்கர் மாதிரி ஓர் அற்பக் காரணத்தை ஏற்க அவன் தயாராக இல்லை. அவனுக்கு வேண்டியிருந்தது தன் மேல் போட்டுக்கொள்ள ஒரு பழி. அந்த வாரம் அதற்கு வாகாகக் கிடைத்திருந்தது.

புதன்கிழமை மாலை ஒட்டடையின் மனைவியே வந்துவிட்டாள். அவள் இந்த வீட்டுக்கு வருவது புதிதல்ல. முன்பெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவாள். இப்போது நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அவரைப் பார்த்தீங்களா, எங்கேயாவது?"

"கண்ணைக் கட்டியிருந்தாங்கம்மா."

"குரலாவது கேட்டுச்சா? பேசறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ஹாரன் அடிப்பாரே. அந்தக் கனைப்பை வச்சே சொல்லிடலாமே."

"கண்ணைக் கட்டியிருந்தாங்கம்மா" என்றான் மறுபடியும்.

காதைக் கேட்டதற்குக் கண்ணைச் சொல்கிறான் என்பது அங்கிருந்த மூன்று பெண்களுக்கும் புரிந்தது. ஒருவரும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளவில்லை. நாத்தனார் எழுந்து போய் அடுப்பை மூட்டினார். வந்தவள் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவிவைத்துவிட்டு, "வரேன்க்கா" என்று இவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். அந்தக் கை காய்ச்சல்காரியின் கைபோலச் சுட்டது.

மறுநாள் காலை பள்ளியில் பிள்ளைகள் முன் நின்றபோதும் அந்தச் சூடு அவள் கையில் இருந்தது. அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. அவள் வகுப்பில் எல்லாருக்கும் ஐந்து வயது. மூக்கொழுகல், அவிழ்ந்த ஷூ நாடா, ஒருவன் தண்ணீர் பாட்டிலை இன்னொருவன் பிடுங்குவது என்று காலை தொடங்கும். மணி அடித்ததும் அவள் கரும்பலகைக்கு முன்னால் நின்று கேட்பாள்: "இன்னிக்கு என்ன கிழமை?" முப்பது தொண்டைகளும் கூரை பறக்கும்படி கத்தும். மேகமா வெயிலா, காற்றா மழையா என்று அடுத்த கேள்வி. அதற்கும் கத்தல். எத்தனையோ வருடமாக இப்படித்தான். வியாழன் என்று எல்லாரும் கத்தியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக, "ஞாயிறு!" என்றது. வருடத்தின் நடுவில் வந்து சேர்ந்த குட்டையன். எந்த நாள் கேட்டாலும் அவனுக்கு ஞாயிறுதான். வீட்டில் இருக்கலாம் அல்லவா. சேர்ந்த முதல் வாரம் அவன் அப்படிக் கத்தியபோது அவள் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். கணவனைக் காணாமல் அவள் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்தச் சிரிப்புக்காக அன்று மாலை முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாள் அவன் கத்தியபோது மறுபடியும் சிரித்தாள்.

வகுப்பின் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே சிறு மைதானம், அதை ஒட்டி ஆளுயரத்துக்கு மேல் மதில். மதிலுக்கு அப்பால் ஒரு மாடி வீடு. ஏதோ கம்பெனியின் விருந்தினர் விடுதி என்று சொல்வார்கள். ஜன்னல்களைப் பலகையால் அடைத்திருப்பார்கள். பந்து விழுந்தால் திருப்பிப் போட்டுவிடுவார்கள், சிடுசிடுக்க மாட்டார்கள். "தங்கமான ஆளுங்க. ஆனா காசு கொழுத்துப் போச்சு. கரண்ட் இருக்கறப்பவே ஜெனரேட்டரைப் போட்டுக்கறாங்க" என்பார் ஆயா. ஜெனரேட்டர் இரைய ஆரம்பித்தால் அவள் பிள்ளைகளை இன்னும் சத்தமாகப் பாடச் சொல்வாள். 'அந்தச் சத்தம் பெருசா, நம்ம சத்தம் பெருசா? பார்க்கலாம்!' பிள்ளைகளுக்கு அது ஒரு போட்டி.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் தரையில் உட்கார்ந்து பழைய மேசை விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தான். திரும்பி வந்த பிறகு கருவி எதையும் அவன் தொட்டது இல்லை. அது நல்ல சகுனம் என்று நினைத்ததாலோ என்னவோ நாத்தனார் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார். காய் நறுக்கிக்கொண்டே, "டீச்சரம்மா, நாளைக்கு ஊருக்கு ஒரு போன் போடணும். நாளைக்கு என்ன கிழமை? எதுக்கும் தம்பிகிட்டயே கேட்டுக்கறேன். அவன் நாள்காட்டிதானே இந்த வீட்டுல செல்லுபடியாகுது" என்றார்.

அவன் சிரித்தான். உண்மையாகவே சிரித்தான். திருகாணியை வாயில் கவ்வியிருந்ததால் ஒரு பக்கமாக.

"ஒருத்தன் இருக்கான்க்கா. எந்த நாளைக் கேட்டாலும் ஞாயிறுன்னு கத்துவான்."

"யாருடா அவன், என் கட்சியா இருக்கானே?" என்று நாத்தனாரும் சிரித்தார்.

அவள் கையில் இருந்த பள்ளிப் பையைக் கீழே வைக்கவில்லை. அந்தக் குட்டையன் வந்து சேர்ந்தபோது இவன் வீட்டில் இல்லை. வந்த பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வாயெடுத்தாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவான், அதனாலேயே விட்டுவிட்டாள். அவனும் இப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்திருக்க, கண்கள் மட்டும் மாறின. வாயில் இருந்த திருகாணியைக் குனிந்து உள்ளங்கையில் உமிழ்ந்து, மற்றவற்றோடு வரிசையாக வைத்தான்.

"அண்ணி, துணி காயுது. எடுத்துட்டு வந்துடறோம்" என்றாள் அவள்.

மொட்டை மாடியில் வெளிச்சம் இன்னும் இருந்தது. அவன் படியேற வெகுநேரம் ஆயிற்று. கொடியிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே, முதுகைக் காட்டியபடி அவள் கேட்டாள்.

"பின்பக்கத்து வீடா?"

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தான். பிறகு அந்தத் தலையசைப்பே ஆமாம் என்பதாக மாறியது.

"முதல் நாள் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம், உன் குரலை எங்கேயோ பதிவு பண்ணிட்டு வந்து போடறாங்க, என்னை உடைக்கறதுக்குன்னு நினைச்சேன். அந்த ஞாயித்துக்கிழமைக்காரன் வந்த பிறகுதான் நம்பினேன். அப்படி ஒருத்தனை அவங்களால எல்லாம் கற்பனை பண்ண முடியாது."

"நான் சிரிச்சது…"

"கேட்டுச்சு. கோவம் கோவமா வந்துச்சு. அப்புறம் நீ சிரிக்காத நாள்ல அதைவிடக் கோவம் வந்துச்சு."

அவள் தோளில் இருந்த துணிகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. பிடிக்கத் தோன்றவில்லை. எந்தெந்த ஊருக்கோ பஸ் பிடித்துப் போய், எவனெவன் வாசலிலோ நின்று தேடினாளே. ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மதில். அவள் முதுகு உரச உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்ட மதில்.

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. ஒரே ஒரு தடவை கத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே!"

"கத்தினேனே" என்றான். "அப்பல்லாம் ஜெனரேட்டரைப் போட்டுடுவாங்க."

அந்தச் சத்தம் பெருசா, நம்ம சத்தம் பெருசா. அவள் அப்படியே தண்ணீர்த் தொட்டியின் மேடையில் உட்கார்ந்தாள். அவன் பேசிக்கொண்டே போனான். இத்தனை நாள் அடைத்துவைத்தது திறந்துகொண்டதும் குரல் தட்டையாக, ஓர் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று வாடிக்கையாளருக்கு விளக்குகிற மாதிரி வந்தது. அந்த வீட்டு ஏ.சி.யின் வெளிப்பெட்டியில் பேரிங் போய்விட்டதாம். கரகரவென்று ஒரு சத்தம். சரிசெய்யச் சொல்லித் தன்னைக் கூப்பிடுவார்களோ என்றுகூட ஒருநாள் நினைத்தானாம். வேலைப் பழக்கம். அப்புறம் பந்து. பந்து வந்து விழுந்தால் போதும், கொஞ்ச நேரம் நிறுத்துவார்களாம். பிள்ளைகள் மதில் மேல் ஏறி எட்டிப் பார்த்துவிடக் கூடாதே. ஜெனரேட்டரை அணைத்து, எல்லாரும் மூச்சு காட்டாமல் இருக்க, ஒருவன் மட்டும் போய் எடுத்துப் போட்டுவிட்டு வருவானாம்.

"அந்த நேரத்துல தண்ணிகூடக் கொடுத்திருக்கான் ஒருத்தன்" என்றான். பிறகு, "அப்புறம் பந்து வரல" என்றான்.

அந்தக் குரலில் குறைப்பட்டுக்கொள்ளும் தொனி எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அடுத்த வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு என்று மைதானத்தின் அந்தப் பக்கம் பந்து விளையாட்டையே நிறுத்தியவள் அவள்தான். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, சத்தமாக, இனிமேல் மதில் பக்கம் எவன் பந்து போட்டாலும் தொலைத்துவிடுவேன் என்று சொன்னாள். அதையும் அவன் கேட்டிருப்பான்.

"ஏன் வக்கீல்கிட்ட சொல்லல?"

"உன் பொண்டாட்டி எங்கே வேலை பாக்கறான்னு எங்களுக்குத் தெரியும்னு சொல்லித்தான் இறக்கிவிட்டாங்க. தெரியாம இருக்குமா? தினமும் பாக்கறாங்களே." அவன் சிரிக்க முயன்றான். "உனக்குத் தெரிஞ்சா நீ அங்கே போய் நிக்க முடியுமா? பிள்ளைங்க முன்னாடி?"

கீழே நாத்தனார் பாத்திரம் எதையோ உருட்டினார். அவன் எண்ணிய நாட்கள் எல்லாம் அவள் கேட்ட கேள்விக்கு வந்த பதில்கள். கத்தல் கேட்டால் ஒரு நாள். இரண்டு நாள் கேட்காமல் இருந்தால் சனி, ஞாயிறு. அவனுக்கு நாள்காட்டியாக இருந்தவள் அவள். அப்படியென்றால் அந்த நாள்காட்டியில் எங்கே…

"வெள்ளிக்கு அப்புறம் செவ்வாய்னு சொன்னீங்களே. செவ்வாய்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பிள்ளைங்க கத்தினாங்க. நீயும் சொன்னே. பாட்டும் பாடினாங்க. செவ்வாய்க்கிழமைதானே பாட்டு வாத்தியார் வருவார்?"

"அதுக்கு அடுத்த நாள் ஒண்ணும் கேக்கல, இல்லையா?"

"கேக்கல. அதுக்கு அடுத்தது திங்கள்."

அவள் எழுந்து நின்றாள். துணிகள் காலடியில் விழுந்தன.

"ஐயோ. அது சனிக்கிழமைங்க."

அவன் விழித்தான்.

"மழைக்கு லீவு விட்டாங்க இல்ல, அதுக்கு ஈடா ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் வச்சாங்க. செவ்வாய்க்கிழமை டைம்டேபிள். பாட்டு வாத்தியாரையும் வரச் சொல்லிட்டாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு இதையெல்லாம் எப்படிப் புரியவைக்கறது? போர்டுல செவ்வாய்னு எழுதிட்டேன். ஒரு பொண்ணு, எங்கப்பா சனிக்கிழமைன்னு சொன்னாரு மிஸ்னு வந்து நின்னா. வீட்டுலதான் சனி, பள்ளிக்கூடத்துல இன்னிக்கு செவ்வாய்தான், எங்கே எல்லாரும் சொல்லுங்கன்னு நான்தான் கத்தவிட்டேன். மறுநாள் ஞாயிறு. அதான் சத்தம் இல்ல. அதுக்கு அடுத்தது திங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். அவ்வளவுதான். வாரம் எதுவும் போகல."

அவன் உதடுகள் அசைந்தன. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். விரலை மடக்கினான், பிரித்தான், மறுபடியும் மடக்கினான். நடுவில் புகுந்த செவ்வாயை எடுத்துவிட்டுப் பார்த்தான். அவன் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. முதலில் வந்தது சந்தேகம். தன்னைத் தேற்றுவதற்காக இவள் கட்டுகிற கதையோ என்று அவள் கண்களையே துருவிப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை ராத்திரிதான் நினைவு போச்சு" என்றான் மெதுவாக. "காலையில பிள்ளைங்க சத்தம் கேட்டு முழிச்சேன்."

"ஒரு ராத்திரிதான்."

"ஒரு ராத்திரி."

"ஒட்டடை அண்ணன் நம்பர் ஸ்டிக்கர்ல இருந்துச்சு."

இம்முறை அது அவன் காதில் ஏறியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அவன் மெல்லச் சறுக்கித் தரையில் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், தொடவில்லை. அவன் முகத்தை மூட நினைத்திருப்பான். கைகள் அவ்வளவு உயரம் வரவில்லை. முகம்தான் குனிந்து கைகளுக்கு வந்தது. காய்ந்த துண்டு ஒன்றைத் தேடி எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

துண்டுக்குள்ளிருந்தே அவன் சொன்னான். "அங்கேருந்து நான் வர்ற வரைக்கும் அடுத்த ரூம்ல கனைச்சுக்கிட்டு இருந்தார். ரெண்டு தடவை. நானும் ரெண்டு தடவை கனைப்பேன்."

வக்கீலிடம் சொல்லாதே என்று அவன் சொல்லவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை. படியிறங்கும்போது மட்டும், "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?" என்றான்.

"உண்டு."

"கிழமையைச் சரியாச் சொல்லு" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குள் நுழைவதற்கு முன், தெருமுனைக் கடையோரம் நின்று அவள் வக்கீலுக்கு போன் செய்தாள். இன்று ஒரு பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்போல வாருங்கள், வகுப்பறை ஜன்னலைக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னாள். வக்கீல் மறுகேள்வி கேட்கவில்லை. நீதிமன்றத்தில் ஒரு வேலை இருக்கிறது, மதியத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றார். மதியம் வரைக்கும் பொழுது போகவேண்டுமே என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. மதியத்துக்குள் ஆளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால்? அவள் முகத்தைப் பார்த்தே யாராவது கண்டுபிடித்துவிட்டால்? கேட்டைத் தாண்டி உள்ளே போனாள். ஆயா, "என்ன டீச்சர், பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?" என்றார்.

"ராத்திரி தூக்கமில்ல ஆயா. விளையாட்டுச் சாமான் அறைச் சாவி வேணும்."

பின்பக்க ஜன்னல்களை எல்லாம் திறந்தாள். துருப்பிடித்த ஒரு கொக்கியைக் கல்லால் தட்டவேண்டியிருந்தது. காற்றோடு அந்தக் கரகரப்பும் உள்ளே வந்தது. எத்தனையோ மாதமாக அங்கேயே இருந்த சத்தம். கரும்பலகையில் தேதியை எழுதினாள். பிள்ளைகள் பக்கம் திரும்பாமல், ஜன்னலைப் பார்த்து நின்று கேட்டாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி!"

"ஞாயிறு!"

"இன்னொரு தடவை. தூரத்துல இருக்கறவங்களுக்கும் கேக்கணும்."

"வெள்ளி!"

மழை இல்லை, மேகமும் இல்லை, நல்ல வெயில் என்று வானிலையையும் ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தாள். அது முடிகிற நேரத்தில் மதிலுக்கு அப்பால் ஜெனரேட்டர் ஒருமுறை இருமி, பிறகு ஓட ஆரம்பித்தது. வகுப்பறை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிள்ளைகள் வழக்கமான போட்டிக்குத் தயாராகி, பாட்டைத் தொடங்கச் சொல்வாள் என்று வாயைத் திறந்துவைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

"பாட்டு வேண்டாம். எல்லாரும் மைதானத்துக்கு வாங்க" என்றாள்.

கூடையை அவளே இழுத்து வந்தாள். காற்று குறைந்த பந்துகள், நிறம் போன பந்துகள், கொஞ்ச காலமாக யாரும் தொடாததால் எல்லாவற்றிலும் தூசி. பிள்ளைகள் நம்பமுடியாமல் சுவரோரம் நின்றார்கள். அவள் சிவப்புப் பந்தை எடுத்து, எறிந்து பழக்கமில்லாத கையால், மதிலுக்கு மேல் எறிந்தாள். அது மதிலின் விளிம்பில் பட்டு, ஒரு கணம் தயங்கி, அந்தப் பக்கம் விழுந்தது.

"மிஸ்ஸே போட்டுட்டாங்க!" என்று குட்டையன் அலறினான். பிறகு எல்லாரும் சேர்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "மாமா, பந்து! மாமா, பந்து!" என்று கத்தினார்கள்.

ஜெனரேட்டர் நின்றது.

அவள் மதிலோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். செங்கல் சூடாக இருந்தது. கரகரப்பு. எங்கோ ஒரு கதவின் தாழ். யாரோ சருகின் மேல் நடந்து வருகிற சத்தம், அவசரமில்லாத நடை. வேறு எதற்காகவோ அவள் காது கிடந்து தவித்தது. இரண்டு தடவை, ஒன்றுக்கடுத்து ஒன்று. பிள்ளைகளின் கூச்சலில் எதையும் பிரித்துக் கேட்க முடியவில்லை. சிவப்புப் பந்து வானத்தில் எழும்பி, அவள் தலையைத் தாண்டி வந்து தரையில் குதித்தது.

"இந்தாங்க மிஸ். பார்த்து விளையாடச் சொல்லுங்க" என்றது ஓர் ஆண் குரல். இளமையான, மரியாதையான குரல்.

"சரிங்க" என்றாள்.

நடை திரும்பிப் போவதைக் கேட்டுக்கொண்டே, அவள் குனிந்து கூடையிலிருந்து அடுத்த பந்தை எடுத்தாள்.